அழுகைக் கோச்சி: ஒப்பந்தத்தால் பெயர்க்கப்பட்ட மலையக மக்கள்

அரசுக் கோப்புகளில் ஒரு சொல் இருக்கிறது: 'தாயகம் திரும்பியோர்'. இந்த நினைவுப் பேருரையை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். ஓர் ஊரிலிருந்து போனவர்தான் அந்த ஊருக்குத் திரும்ப முடியும். 1960களின் இறுதியிலிருந்து 1984 வரை தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறக்கப்பட்ட மக்களில் பெரும்பாலோர் ஹட்டனிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் மாத்தளையிலும் பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்களும் அங்கேயே பிறந்தவர்கள். தமிழ்நாடு அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதையில் வந்த ஒரு ஊர்ப்பெயர், அவ்வளவே. அந்த மக்களை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, 'திரும்பினார்கள்' என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்கள்' ஆனார்கள்.

வெள்ளகோவிலில் கூடியிருக்கும் நமக்கு இதில் என்ன என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். நம் ஊர் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் கடைமடை. நம் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் வரும் என்று வருடம்தோறும் போராடுகிறோம். அந்தத் தண்ணீர் இறங்கிவருகிற ஆனைமலையில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், இந்த ஒப்பந்தத்தால் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் கொழுந்து பறிக்கின்றன. கிழக்கே போனால் கரூர் இராயனூர், வடக்கே அறச்சலூர், அதற்கும் அப்பால் பவானிசாகர், மேற்கே திருமுருகன்பூண்டி, பூலுவப்பட்டி என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆகவே தொலைதூரத்துக் கதை ஒன்றைச் சொல்ல வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் முதன்மையானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்: பறையர், பள்ளர், அருந்ததியர். ஆனால் ஈழ வரலாற்றை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர்கள் இவர்களை 'இந்திய வம்சாவளி' என்று ஓர் அத்தியாயத்தில் முடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டு மேடைகளில் இவர்கள் 'நம் தமிழர்' ஆனார்கள். சாதி காணாமல் போனது. தலித் வரலாறு எழுதிய நாமோ மாவட்ட எல்லைக்குள்ளும் மாநில எல்லைக்குள்ளும் நின்றுகொண்டோம். கடல் தாண்டிய நம் சனங்கள் நம் ஏட்டிலும் இல்லை. இத்தனைக்கும் இருபதாம் நூற்றாண்டில் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின்மூலம் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒடுக்கப்பட்ட தமிழர் பெயர்க்கப்பட்ட நிகழ்ச்சி வேறில்லை.

போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1820களில் கண்டி மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கிய வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி, தென்னார்க்காடு என்று வறண்ட பகுதிகளிலிருந்து ஆள் பிடித்தார்கள். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்து, பின்னர் காப்பி அழிந்தது; 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவத்துக்குப் பருவம் ஆள் போதும். தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றினார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 'ஆசைகாட்டி ஏமாற்றி அழைத்துப் போனார்கள், தேங்காயும் மாசியும் தேயிலைத்தூரில் கிடைக்கும் என்றார்கள்' என்றே இந்தக் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. பொய்யில்லை; ஆனால் பாதிதான். போன சனங்களை ஒன்றும் தெரியாத அப்பாவிகளாக்கி, அவர்கள் விட்டு ஓடியது எதை என்பதை மறைத்துவிடுகிறது இந்தக் கதை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறையைச் சட்டத்திலிருந்து எடுத்தது. பண்ணையாள் முறை வயலில் அப்படியே இருந்தது. காவிரிக்கரையில் பண்ணையாள், நம் கொங்குச் சீமையில் கவுண்டர் பண்ணையத்தில் வருடக்கூலிக்கு மாதாரி. கடன் தலைமுறை தாண்டி இறங்கும், ஆள் ஊரைத் தாண்ட முடியாது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் சேரிக்காரர்கள். அந்த நிலையில் கடல் தாண்டுவது ஏமாந்து போவது மட்டுமாக இருக்க முடியாது. ஆண்டையின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குத் தப்பி ஓடுவதாகவும் இருந்தது. புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி' எழுதியபோது, ஊரின் கொடுமையையும் தோட்டத்தின் கொடுமையையும் ஒரே கதைக்குள் வைத்தது இதனால்தான் என்று நாம் படிக்கிறோம்.

தப்பி ஓடிய இடத்திலும் சாதி முன்னால் போய் நின்றது. ஆள் கட்டிப் போன பெரியகங்காணிகள் பெரும்பாலும் இடைநிலைச் சாதியினர். துரையிடம் வாங்கிய முன்பணம் அவர்கள் கையில்; கடன் தொழிலாளி தலையில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டம் போக வேண்டுமானால் இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டுமுறை 1921வரை இருந்தது. இங்கே விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிய குடும்பம், அந்தப் பாக்கியைக் கட்டாமல் வேறு தறிக்குப் போக முடியாது என்பதை அறிந்த தோழர்களுக்குத் துண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. குடியானவர் லயம் மேலே, பள்ளர், பறையர் லயங்கள் தனி, அருந்ததியர் காம்பராக்கள் கடைசியில். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அந்த ஒரே அறைக்குள் மூன்று தலைமுறை படுத்தெழுந்தது.

தோட்டத்துக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருந்தது. நம் பகுதித் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொழும்பு, கண்டி நகரசபைகளின் மலம் அள்ளும் வேலைக்கும் தெருக்கூட்டும் வேலைக்கும் அழைத்துப் போகப்பட்ட அருந்ததியர். கண்டியில் மஹியாவை என்ற பகுதி இன்றைக்கும் அவர்கள் வாழும் இடம். தேயிலைத் தொழிலாளிக்காவது பின்னாளில் தொழிற்சங்கம் பேசியது. நகரசபைக் குடியிருப்பில் அடைக்கப்பட்ட இவர்களைப் பற்றி மலையக வரலாறுகளும் அதிகம் பேசவில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டிப் பாடினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. 1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்கால் சௌமியமூர்த்தி தொண்டமான், எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை உள்ளிட்டோர் நாடாளுமன்றம் போனார்கள். அவர்கள் வெல்லாத தொகுதிகளிலும் அந்த வாக்கு இடதுசாரிகளுக்கு உதவியது.

அதற்கான தண்டனை ஒரு வருடத்துக்குள் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவனுக்குத் தன் பிறப்புச் சான்றே இல்லாத காலத்தில், பூட்டனுக்கு எங்கே போவான்? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறப்பதுபோலத் திறந்தது. சுமார் 8,25,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,34,000 பேர் அளவுக்கே கிடைத்தது. அதே 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கைப் பறித்தார்கள். இந்த அநீதியை முன்னிட்டே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வடக்கின் அரசியலில் இந்த மக்கள் பெரும்பாலும் ஒரு தீர்மானத்தின் வரியாகவே இருந்தார்கள்.

இதற்கு அடுத்த வருடம், 1950 மே மாதம், அம்பேத்கர் கண்டியில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டுக்குப் போனார். கொழும்பில் பேசியபோது அங்கிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் பௌத்தத்தைத் தழுவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் எந்த மலைகளைக் கடந்து போனாரோ அந்த மலைகளில் லட்சக்கணக்கில் அவருடைய சனங்கள், அப்போதுதான் நாடற்றவர்களாக்கப்பட்டு நின்றார்கள். பௌத்தத்தின் பெயரால் ஆண்ட அரசே அதைச் செய்திருந்தது. ஒரு மதத்தின் விடுதலைத் தத்துவமும், அந்த மதத்தைக் கையிலெடுத்த அரசின் நடத்தையும் எவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்பதற்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. அந்த முரணை நம்மவர்கள் இன்னும் ஆழமாக ஆராய்ந்து எழுதவேண்டும்.

இனி ஒப்பந்தம். 1954இல் நேருவும் கொத்தலாவலையும் பேசியது ஒன்றும் ஆகவில்லை. நேரு இருந்தவரை, அவர்கள் இலங்கையின் மக்கள் என்ற நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மறைந்து ஐந்து மாதத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பேசினார்கள்: 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது கணக்கு.

நிலத்தைப் பிரித்துக்கொள்வதில்கூடப் பாகத்துக்காரர்களை அழைத்து நிறுத்தி, நாலு பேர் முன்னால் கேட்பார்கள். இங்கே பங்கிடப்பட்டவை மனித உயிர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அவர்களே விண்ணப்பங்களில் சொன்னார்கள். மூன்று லட்சம் பேருக்கு மட்டும் இடமிருந்த இலங்கைக் குடியுரிமைக்கு அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலானோர் விண்ணப்பித்தார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களோ ஒதுக்கிய 5,25,000ஐ எட்டவே இல்லை. ஊரறியாத ஒரு நாட்டை விருப்பத்தோடு தேர்ந்தெடுத்தவர்கள் குறைவு. பயத்தாலும் பசியாலும் விண்ணப்பித்தவர்களே அதிகம்.

கையெழுத்தான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்துப் போனது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் ஓடிய கப்பல்பாதை அத்தோடு போயிற்று. அதன்பிறகு இராமேசுவரத்துக்குக் கப்பல் விட்டார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. கோச்சி என்றால் அங்கே ரயில். வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியாக விண்ணப்பித்ததால் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் இலங்கை, பெற்றவர்கள் இந்தியா. நடைமேடையில் இறப்பு வீட்டைப்போல மாரடித்து அழுதார்கள் என்று அந்தத் தலைமுறையினர் சொல்வார்கள். யாரும் செத்திருக்கவில்லை, ஆனால் அந்தப் பிரிவுகளில் பல, சாகும்வரை சேராத பிரிவுகளாகவே இருந்தன. 1984இல் கப்பல் நிற்கும்வரை சுமார் நான்கரை லட்சம் பேர் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. அசீரிய மக்களின் கதை நமக்கு மிக அருகில் இருக்கிறது, ஊர்வழியாகவும்தான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் திருச்சூர் போனால் அங்கே கல்தேய சிரியன் சபை இருக்கிறது. அது அசீரியக் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையின் தாய்மக்கள் துருக்கியின் ஹக்காரி மலைகளிலும் பாரசீகத்தின் உர்மியாவிலும் இருந்தவர்கள். 1915இல் உதுமானியப் பேரரசு நடத்திய படுகொலையில் தப்பியவர்கள் ஓடி ஓடி, 1918இல் பாக்தாத் அருகே பகூபா என்ற இடத்தில் ஆங்கிலேயர் போட்ட கூடாரங்களில் சேர்ந்தார்கள். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் படைக்குச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். 1932இல் ஈராக்குக்கு விடுதலை கொடுத்தபோது கைகழுவினார்கள். 1933 ஆகஸ்டில் சிமேலே ஊரில் ஈராக்கியப் படை அவர்களைக் கொன்று குவித்தது. அவர்களுடைய தலைமைக் குரு மார் ஷிமூனின் குடியுரிமையைப் பறித்துச் சைப்ரசுக்கு ஏற்றினார்கள். பிறகு நாடுகளின் சங்கம் இந்த மக்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஆராய்ந்தது. பிரேசிலா, பிரிட்டிஷ் கயானாவா என்று வரைபடத்தில் தேடினார்கள். கடைசியில் ஒன்பதாயிரம் பேர் அளவில் சிரியாவின் காபூர் ஆற்றங்கரையில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்தக் காபூர் கிராமங்களுக்குள்தான் 2015 பிப்ரவரியில் ஐ.எஸ். படை நுழைந்து இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துக்கொண்டு போனது. ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்கள் வைக்கப்பட்ட இடமே அடுத்த பெயர்ப்புக்குக் களமாகிறது.

இதை எடுத்துச் சொல்வது நம் துயரத்தை அவர்களுடைய துயரத்தோடு நிறுத்துப் பார்க்க அல்ல. ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையக மக்களைக் கூட்டமாக நிறுத்திச் சுடவில்லை. ஆனாலும் எங்காவது கொண்டுபோய் வைக்கவேண்டிய ஓர் எண்ணிக்கையாக ஒரு மக்களைப் பார்க்கும் அந்த அரசுக் கண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபாடும் ஒன்று உண்டு. அசீரியருக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஒரு திருச்சபை இருந்தது. ஒரு குரு நாடுகளின் சங்கத்தின் கதவைத் தட்ட முடிந்தது. நம் மக்களுக்கு அதுவும் இல்லை.

மண்டபம் முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புவதற்கு முன் நோய்த்தடுப்புக்காகப் பூட்டிவைத்த முகாம் அது. பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்களை இறக்கிப் பதிந்த முகாம். 1983க்குப் பிறகு அகதிகளை இறக்கிய முகாம். ஒரே வாசலில் பாட்டன் கூலியாக வெளியேறினான், மகன் 'திரும்பியோராக' உள்ளே வந்தான், பேரன் அகதியாக வந்தான். ஒரு சமூகத்தின் நூறு வருட வரலாற்றை ஒரே கம்பிவேலிக்குள் காட்டக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது?

மண்டபத்திலிருந்து குடும்ப அட்டையோடு வெளியே போனவர்களுக்கு அரசு பல திட்டங்கள் வைத்திருந்தது. தொழில்கடன், நிலக் குடியேற்றம், கூட்டுறவு நூற்பாலைகளில் வேலை, தேயிலைத் தோட்டத்தில் வேலை. 1969இல் இவர்களுக்காகவும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகவும் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. திட்டங்களின் பட்டியல் நீளமானதுதான். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைக்குத் 'தொழில்கடன்' கொடுத்தால், அவன் என்ன தொழில் செய்வான்? எந்த ஊர்ச் சந்தையில் யாரை நம்பிக் கடை போடுவான்? கடன் பணம் தரகர்கள் கைக்குப் போனது. குடும்பம் மறுபடி கூலிக்குப் போனது. கொடைக்கானல் காடுகளில் மரம்வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாகிப் போனவர்களை 1980களில் மீட்க வேண்டியிருந்தது. முன்னோர் ஊரைத் தேடிப்போன குடும்பங்கள் சேரி வாசலில் நின்றன. ஊர்க்காரர்களுக்கு இவர்களின் முகம் தெரியாது. சாதி மட்டும் தெரிந்தது.

அதனால் அரசு அனுப்பாத இடத்துக்கும் இவர்கள் தாமாகப் போனார்கள். மலையைத் தேடிப் போனார்கள். நீலகிரியின் குளிரும் தேயிலையும் அவர்களுக்கு நன்கு அறிந்தவை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எங்கும் நிறைந்தார்கள். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த இர. சிவலிங்கம் கோத்தகிரிக்கு வந்து இவர்களுக்காக அமைப்புக் கட்டினார். 1968இல் தமிழக அரசு இவர்களுக்கென்றே தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், நாம் சொல்லும் டான்டீ, ஆயிற்று. வேலை கிடைத்தது உண்மை. ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. இலங்கையில் துரைக்குச் சொந்தமான லயம். இங்கே அரசுக்குச் சொந்தமான லயம்.

இங்கே நாம் சங்கடமான ஒன்றையும் பேசியாக வேண்டும். டான்டீ தோட்டங்கள் போட்ட நிலம் காடு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் காடு என்றால் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வாழ்ந்து புழங்கிய இடம். ஒரு நாட்டிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து, இன்னொரு மக்களின் காட்டின்மேல் அரசு உட்காரவைத்தது. இரண்டு தரப்புக்கும் பட்டா கொடுக்கவில்லை. மோதினால் ஏழைகள் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். தலித், பழங்குடி ஒற்றுமை என்று மேடையில் சொல்வது எளிது. கூடலூரில் அதை நிலக்கணக்கு வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இல்லை. பல காலமாக மின் இணைப்பும் மறுக்கப்பட்டது. ஐம்பது வருடம் ஓர் இடத்தில் வாழ்ந்தும் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பெயர்தான். 'கள்ளத்தோணி'யிலிருந்து இது எவ்வளவு தூரம்?

2022இல் நட்டத்தைக் காரணம் காட்டி டான்டீயின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசாணை வந்தது. பணிமுடிந்த தொழிலாளர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. போராடிய பிறகே மாற்று வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. நாற்பது வருடம் தேயிலை பறித்துக் கூன்விழுந்த ஒரு பெண்மணிக்கு இது வாழ்நாளில் இரண்டாவது வெளியேற்றம். இந்தமுறை அவரை வெளியேறச் சொன்னது அவருடைய 'தாயகம்'.

அங்கேயே நின்றுவிட்டவர்கள் கதி வேறு. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலப்பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே வருடம் ஆகஸ்டிலும், 1981இலும், 1983இலும் இனக்கலவரங்களில் லயங்கள் எரிந்தன. உயிர்தப்பிய பலர் வடக்கே வவுனியா, கிளிநொச்சிக் காடுகளில் குடியேறினார்கள். அவர்களைக் குடியேற்ற உழைத்த காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குடியேறிய இடம் போர்க்களமானது. 2009வரை வன்னியில் செத்தவர்களில் எத்தனையோ பேர் மலையகத்திலிருந்து போனவர்கள். வன்னியிலும் அவர்கள் 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சைக் கேட்டிருக்கிறார்கள்; போரிலும் முன்வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

போரிலிருந்து தப்பித் தமிழ்நாட்டுக்குப் படகில் வந்தவர்களில் பல்லாயிரம் பேர் இவ்விதமான மலையக வம்சாவளியினர். ஒப்பந்தப்படி 1980இல் கப்பலில் வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். 1990இல் படகில் வந்த தம்பி அகதி. இருவருக்கும் பாட்டன் ஒருவனே; புறப்பட்டதும் ஒரே சேரியிலிருந்துதான். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவிப்பால் 'அகதி முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. புது வீடுகளும் கட்டப்படுகின்றன. வரவேற்கிறோம். குடியுரிமை மட்டும் மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. இந்துக்களுக்காகக் கொண்டுவந்த சட்டம் என்றார்களே, முகாமில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் அவர்கள் கணக்கில் எந்த மதம்?

அதே வருடம் ஜூன் 17 அன்று, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இவர்களுடைய வேர் இந்த மண்ணில் இருக்கிறது என்பதே வழக்கின் உயிர். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் சொல்வதை வைத்து, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் 2022இல் கடவுச்சீட்டு வாங்கினார். அவரைப்போலப் பிறந்தவர்கள் எல்லா முகாமிலும் இருக்கிறார்கள்.

குடியுரிமை இல்லையென்றால் சாதிச்சான்று இல்லை. இதைத்தான் இந்த அரங்கு குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறோம். முகாமில் இருக்கும் பறையர், பள்ளர், அருந்ததியர் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் பட்டியல் சாதிக்குரிய இடத்தையோ உதவித்தொகையையோ கேட்க முடியாது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சாதி அந்தப் பிள்ளைக்கு இழிவாக மட்டும் வந்து சேர்கிறது, உரிமையாக வருவதில்லை. முகாமுக்கு வெளியே சாயப்பட்டறையிலோ பெயின்ட் வேலையிலோ சேர்ந்து, பட்டப்படிப்புச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் இளைஞர்களை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம்.

இந்த மன்றத்தின் மாணவர்கள் வரும் விடுமுறையில் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. மேலே சொன்ன ஐந்து முகாம்களும் நமக்குப் பேருந்து தூரம். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்று இவற்றை அவர்களோடு உட்கார்ந்து சேகரித்து வழக்கறிஞர் தோழர்களிடம் கொடுக்க வேண்டும். தாத்தாவின் ஊர், தாலுகா, பிரிட்டிஷ் காலத்துத் துண்டு, தோட்டத்துப் பற்றுச்சீட்டு எது கிடைத்தாலும் படமெடுத்து வைக்க வேண்டும். பெரியவர்கள் வாயால் ஊர்ப்பெயர் சொல்வார்கள். துறையூர், முசிறி, நாமக்கல் என்று நமக்கு அறிந்த பெயர்களாகவே அவை இருக்கும். வால்பாறையிலும் கோத்தகிரியிலும் உள்ளவர்களிடம் மண்டபம் முகாமின் குடும்ப அட்டை இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களில் எத்தனை பட்டியல் சாதிக் குடும்பங்கள், அவர்களுக்குக் கொடுத்த நிலம் எவ்வளவு, இன்று அது யார் பெயரில் பட்டாவாக இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மறுவாழ்வுத் துறைக்கும் வருவாய்த்துறைக்கும் கேட்க ஒரு மனு எழுதி இருக்கிறோம். நகல்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒவ்வொருவரும் அவரவர் மாவட்டத்திலிருந்து அனுப்புங்கள்.